தாஷ்கண்ட் பார்ப்பவரும் திருப்பூர் வருபவரும்

திருப்பூர் எக்ஸ்போர்ட் ஆபீஸ்களுக்குள் உஸ்பெகிஸ்தான் என்ற பெயர் முதலில் நுழைந்தது பையர் அனுப்பும் நிபந்தனைத் தாள் வழியாக. ஆர்டரோடு வரும் அந்தக் கட்டுத் தாள்களில் ஓரிடத்தில் இருக்கும்: உஸ்பெகிஸ்தான் பருத்தியில் நூற்ற நூலைப் பயன்படுத்தக் கூடாது, பயன்படுத்தவில்லை என்று கையெழுத்திட்டுத் தர வேண்டும். கையெழுத்து போய்ச் சேர்ந்துவிடும். நம் மில்காரர்கள் சங்கர்-6 பஞ்சில் நூற்றுக்கொண்டிருக்கும்போது உஸ்பெக் பஞ்சைப் பற்றி இங்கே யார் கவலைப்படப் போகிறார்கள்?

அதே ஊரிலிருந்து இன்று கூட்டம் கூட்டமாகத் தாஷ்கண்ட் போகிறார்கள். பெயின்ட் கம்பெனியும் டைல்ஸ் கம்பெனியும் சிமென்ட் கம்பெனியும் டார்கெட் முடித்த டீலர்களைக் கூட்டிப்போகும் ஊர்களில் அதுவும் ஒன்றாகிவிட்டது. காரணங்கள் எளிமையானவை. 2018இலிருந்து இந்தியர்களுக்கு இ-விசா உண்டு. கட்டணம் இருபது டாலர். கோவையிலிருந்து டெல்லி போக ஆகும் நேரம்தான் டெல்லியிலிருந்து தாஷ்கண்ட் போகவும். பாங்காக் பார்த்தாயிற்று, துபாய் பார்த்தாயிற்று. அடுத்து எங்கே என்ற கேள்விக்கு, பனியும் மலையும் மலிவும் சேர்ந்த பதில் தாஷ்கண்ட்.

தாஷ்கண்ட் போய்வந்தவர் சொல்வதையும், திருப்பூருக்கு வந்துபோகிறவர் சொல்வதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று எனக்கு நீண்ட நாள் ஆசை. ஒரு நாட்டின் தலைநகராக முப்பது லட்சம் பேர் வாழும் நகரத்தை, 2009இல்தான் மாவட்டத் தலைநகரான ஓர் ஊரோடு நிறுத்துவது பொருந்துமா என்று கேட்கலாம். இரண்டும் பருத்தியால் நிமிர்ந்த ஊர்கள். ஒன்று பருத்தியை விளைவித்து நிமிர்ந்தது, மற்றது அதைத் தைத்து நிமிர்ந்தது. இரண்டுமே அதற்கு ஆற்றை விலையாகக் கொடுத்தன. இந்த ஒற்றுமை போதும்.

முதலில் தாஷ்கண்ட் போய்வந்த நம் ஆட்களின் பேச்சு. அது ஏறக்குறைய எப்போதும் ரோட்டில் தொடங்கும். "ரோடுன்னா அதுதானுங்க ரோடு. ஒரு குப்பை கிடையாது, ஒரு ஹாரன் சத்தம் கிடையாது." அடுத்து மரங்கள், நீரூற்றுகள், பூங்காக்கள். அடுத்து கார்கள்: எங்கே திரும்பினாலும் வெள்ளை நிறச் செவர்லே, உள்நாட்டிலேயே செய்வதால் வேறு கம்பெனி வண்டியைத் தேடித்தான் பார்க்க வேண்டும். அப்புறம் பணம். நூறு டாலரை மாற்றினால் பத்து லட்சம் சோமுக்கு மேல் கையில் வரும். அன்றைக்கு எல்லோரும் லட்சாதிபதி. சாப்பாட்டைப் பற்றிச் சைவக்காரர்களிடம் கேட்காமலிருப்பது நல்லது.

ஆண்கள் மட்டும் போகும் டூர்களில் இரவு நேரத்துத் தாஷ்கண்ட் ஒன்று உண்டு. வீட்டில் சொல்லும் தாஷ்கண்ட் வேறு, கடைவீதியில் சொல்லும் தாஷ்கண்ட் வேறு. அந்த ஊரின் பெண்களைப் பற்றி நம் ஆட்கள் இளித்துக்கொண்டு பேசுவதைக் கேட்கும்போது, திருப்பூர் கம்பெனிப் பெண்களைப் பற்றி வெளியூர்க்காரன் பேசினால் இவர்களுக்கு வரும் கோபம் எனக்கு நினைவுக்கு வரும். அதற்குமேல் இதில் ஆராய ஒன்றுமில்லை.

ரோட்டுப் பேச்சைக் கொஞ்சம் கவனித்துக் கேட்டால் ஒன்று தெரியும். அதில் பாதி திருப்பூரைப் பற்றிய புகார். பழைய பஸ் ஸ்டாண்டு பக்கத்து நெரிசலிலும் மழை பெய்தால் தேங்கும் சாக்கடைத் தண்ணீரிலும் ஆண்டு முழுக்க வண்டி ஓட்டுகிறவர், அகலமான சாலையைப் பார்த்ததும் தன் ஊரைத்தான் நினைக்கிறார். அந்தச் சாலை எப்படி அகலமானது என்று அவர் கேட்பதில்லை. கைடும் இரண்டு வரிக்கு மேல் சொல்வதில்லை.

1966 ஏப்ரல் 26 விடியற்காலையில் தாஷ்கண்ட் ஆடியது. நிலநடுக்கத்தின் மையம் ஊருக்கு நேர் கீழே இருந்தது. பழைய மண்வீடுகள் பெருமளவில் விழுந்தன. ஏறக்குறைய மூன்று லட்சம் பேர் வீடிழந்தார்கள். சோவியத் ஒன்றியத்தின் எல்லாக் குடியரசுகளிலிருந்தும் கட்டடத் தொழிலாளர்கள் வந்து ஊரைத் திரும்பக் கட்டினார்கள். வந்தவர்களில் பலர் அங்கேயே தங்கிவிட்டார்கள். சந்துகளும் முற்றங்களுமாக இருந்த பழைய நகரத்தின் பெரும்பகுதி போய், இன்று நம் ஆட்கள் வியக்கும் அகலச் சாலைகள் அப்போதுதான் பரந்தன. பிளந்த கருங்கல்லும் நிலநடுக்க நேரத்தைக் காட்டும் கடிகாரமுமாக 1976இல் வைத்த நினைவுச்சின்னம் டூர் பட்டியலில் உண்டு; பஸ் பத்து நிமிடம் நிற்கும், போட்டோ எடுத்துக்கொள்ளலாம்.

அழகுபடுத்தியதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. ஆசிய, ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து வருகிறவர்களுக்குக் காட்டவென்றே மாஸ்கோ தாஷ்கண்டைத் தயார்செய்து வைத்திருந்தது. 1958இல் ஆசிய-ஆப்பிரிக்க எழுத்தாளர் மாநாட்டை அங்கே கூட்டினார்கள். 1968இலிருந்து திரைப்பட விழா நடந்தது. ராஜ் கபூரை அந்த ஊர் தன் வீட்டுப் பிள்ளையாகவே எடுத்துக்கொண்டது. இன்றும் வயதானவர்கள் இந்தியரைப் பார்த்தால் அவர் பெயரைச் சொல்லிக் கைகுலுக்குகிறார்கள். வருகிறவர் என்ன பார்க்க வேண்டும், எங்கே நின்று பார்க்க வேண்டும் என்பதைப் பல பத்தாண்டுகளாகப் பழகிய நகரம் அது. சுதந்திரத்துக்குப் பிறகு சிலைகள்தான் மாறின. லெனின் நின்ற இடத்தில் உலக உருண்டை வந்தது. மார்க்ஸ் தலை இருந்த சதுக்கத்தில் 1993இல் குதிரைமேல் அமீர் தைமூர் ஏறினார். டெல்லியைச் சூறையாடிய அதே தைமூருக்கு முன்னால் நின்று நம் ஆட்கள் செல்பி எடுத்துக்கொள்கிறார்கள்.

அந்த நகரத்தில் பார்க்காமல் திரும்பிவிடாதீர்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வது சுரங்க ரயில் நிலையங்களைத்தான். மெட்ரோ 1977இல் திறந்தது. மத்திய ஆசியாவில் அதுதான் முதல். போர்க்காலப் பதுங்கிடமாகவும் பயன்படும் என்பதால் 2018 வரை உள்ளே படமெடுக்கத் தடை. ஒவ்வொரு நிலையமும் ஒவ்வொரு மாதிரி. கோஸ்மொனாவ்ட்லர் நிலையத்தில் நீலச் சுவரில் ககாரினும் தெரெஷ்கோவாவும் மிதக்கிறார்கள். ஆனால் திருப்பூர்க்காரர் இறங்க வேண்டியது பக்தாகோர். பருத்தி விவசாயியின் பெயரில் உள்ள நிலையம். சுவர் முழுக்கச் சின்னச் சின்ன வண்ணக் கற்களைப் பதித்துப் பருத்திக்காய் வெடித்த வடிவம். மேலே வந்தால் அதே பெயரில் விளையாட்டரங்கம், அதே பெயரில் கால்பந்து அணி. டீக்கடையில் உட்கார்ந்தால் வரும் கெட்டிலும் கிண்ணமும் அடர்நீலம். அதன்மேல் வெள்ளைப் பருத்திப் பூ, சுற்றிலும் தங்கக்கோடு. உஸ்பெகிஸ்தான் முழுக்க, ஏழை வீட்டிலிருந்து பெரிய ஹோட்டல் வரை, இந்தப் பீங்கான்தான். நாட்டின் அரசுச் சின்னத்திலும் ஒரு பக்கம் கோதுமைக் கதிர், மறுபக்கம் பருத்தி.

ஊரெங்கும் பருத்தி படமாகக் கிடக்கிறது. பருத்தி வேலை கண்ணில் படுவதில்லை. நகருக்குள் நான்கு நாள் சுற்றும் பயணி ஒரு பருத்தி மூட்டையைக்கூடப் பார்க்காமல் விமானம் ஏறலாம்.

திருப்பூரில் இது தலைகீழ். இங்கே பருத்திப் பூவைச் சுவரில் வரைந்து வைத்தவர் யாரும் கிடையாது. பருத்தி இன்று பெரும்பாலும் வெளி மாநிலத்திலிருந்துதான் வருகிறது. ரயிலை விட்டு இறங்கிக் காதர்பேட்டைப் பக்கம் பத்தடி வைத்தால் போதும், பனியன் மூட்டை காலில் இடிக்கும். டி.வி.எஸ். எக்ஸ்.எல். வண்டியில் முன்னால் இரண்டு ரோல் துணி, பின்னால் ஓட்டுபவரின் தலைக்கு மேல் உயர்ந்த கட்டு. அவருடைய முகம் தெரியாது, கால் மட்டும் தெரியும். சந்துக்குள் திரும்பினால் நிட்டிங் மெஷின் சத்தம். ஒரு கேட்டின் முன் கட்டிங் வேஸ்ட் சாக்குகள், கலர் வாரியாகப் பிரித்து. கேட்டின் மேல் ஒரு பலகை: "ஆட்கள் தேவை. சிங்கர் டெய்லர், ஓவர்லாக், பேட்லாக், கைமடி, செக்கிங், அயர்னிங், பேக்கிங், ஹெல்பர்." அடுத்த கேட்டிலும் அதே பலகை. அதற்கடுத்ததில் அது இந்தியிலும் இருக்கும். இந்த ஊர் வெளியாளிடம் பொதுவில் சொல்லும் வாசகம் அது ஒன்றுதான்.

அதனால் திருப்பூருக்கு வருகிறவர்களில் சுற்றிப் பார்க்க வருகிறவர் என்று யாரும் இல்லை. எல்லோரும் ஏதோ ஒரு வேலையாக வருகிறார்கள். அவரவர் வந்த வேலை எதுவோ, அந்த அளவுக்குத்தான் ஊர் அவர்கள் கண்ணுக்குத் தெரிகிறது.

மதுரை, தேனி, திண்டுக்கல் பக்கத்திலிருந்து ஒரு தலைமுறை வந்தது. பிறகு ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட். இவர்களிடம் ஊர் எப்படி இருக்கிறது என்று கேட்டால் வாடகை, ஷிப்ட், சனிக்கிழமை சம்பளம் இந்த மூன்றில்தான் பதில் வரும். ஒன்றரை ஷிப்ட் ஓடினால் நல்ல ஊர். ஆர்டர் இல்லாமல் பாதி ஷிப்டில் அனுப்பினால் ஊர் சரியில்லை. அடுத்தவர் காதர்பேட்டைக்கு வரும் வியாபாரி: கேரளாக்காரர், வடநாட்டுக்காரர், ஒரு காலத்தில் இங்கேயே வீடெடுத்துத் தங்கிய நைஜீரியக்காரர்கள். எக்ஸ்போர்ட்டில் கழிந்த செகண்ட்ஸ் சரக்கை எடைபோட்டு வாங்கும் அவர்களுக்குத் திருப்பூர் ஒரு பெரிய குடோன்.

மூன்றாவது ஆள்தான் முக்கியமானவர்: வெளிநாட்டு பையர். திருப்பூரின் எக்ஸ்போர்ட் கதையே ஒரு பயணியில்தான் தொடங்குகிறது. 1978இல் வெரோனா என்ற இத்தாலிய இறக்குமதியாளர் மும்பை வியாபாரிகள் வழியாக வெள்ளை டி-சர்ட் தேடி இங்கே வந்தார். 1981இல் ஐரோப்பிய சில்லறைக் கம்பெனியான சி அண்ட் ஏ வந்தது. இன்று ஆண்டுக்குச் சுமார் 40,000 கோடி ரூபாய் ஏற்றுமதி. அந்த முதல் இத்தாலியருக்கு ஊர் எப்படித் தெரிந்திருக்கும் என்று நான் யோசித்துப் பார்ப்பதுண்டு. தங்க நல்ல ஹோட்டல் கிடையாது, விமானம் கிடையாது, இங்கிலீஷ் பேசும் முதலாளி குறைவு. ஆனாலும் அவர் திரும்பி வந்தார், பின்னால் ஆயிரம் பேர் வந்தார்கள். சொன்ன விலைக்குச் சரக்கு கிடைத்தது. அவர்களுக்கு வேண்டியது அதுதான்.

இப்போது வருகிற பையரும் அவர் அனுப்பும் ஆடிட்டரும் பார்க்கும் திருப்பூரைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும். கம்பெனி ஒரு வாரம் முன்பே பெருக்கித் துடைக்கப்படும். முதலுதவிப் பெட்டியில் மருந்து நிரம்பும். அவசர வழிக்கு முன்னால் அடுக்கியிருந்த பெட்டிகள் இடம்பெயரும். கையுறையும் மாஸ்க்கும் அன்றைக்கு எல்லோர் கையிலும் முகத்திலும் இருக்கும். ஆடிட்டர் கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று ஹெச்.ஆர். முந்தின நாளே சொல்லிக்கொடுத்திருப்பார். எல்லாக் கம்பெனியும் அப்படி என்று சொன்னால் பொய்; வருஷம் முழுக்க ஒழுங்காக இருக்கும் பெரிய கம்பெனிகள் உண்டு. ஆனால் ஜாப் ஒர்க்குக்கு வெளியே போகும் துணியின் பின்னால் பையர் போவதில்லை. பவர் டேபிள் போட்ட பத்துக்கு இருபதடி ஷெட்டை எந்த ஆடிட் ரிப்போர்ட்டிலும் பார்க்க முடியாது.

ஆக, காட்டத் தெரியாத ஊர் என்று நாம் நினைக்கும் திருப்பூரும் தன் முக்கியமான விருந்தாளிக்குக் காட்டத்தான் செய்கிறது. தாஷ்கண்ட் ஊரையே அலங்கரித்துக் காட்டுகிறது. திருப்பூருக்கு ஒரு கம்பெனியும் ஒரு நாளும் போதும்.

நடுவில் ஒரு தேதி. தாஷ்கண்ட் செல்லும் ஒவ்வொரு இந்தியக் குழுவும் லால் பகதூர் சாஸ்திரி சிலைக்குப் போகிறது. பாகிஸ்தானுடன் தாஷ்கண்ட் ஒப்பந்தத்தில் அவர் கையெழுத்திட்டது 1966 ஜனவரி 10. அன்றிரவு கடந்து 11ஆம் தேதி அதிகாலை அங்கேயே இறந்தார். திருப்பூரில் கொடியைப் பிடித்துக்கொண்டு போலீஸ் தடியடியில் குமரன் விழுந்தது 1932 ஜனவரி 10. இறந்தது 11. முப்பத்து நான்கு ஆண்டு இடைவெளியில் அதே இரண்டு நாள். இது தற்செயல், இதில் பொருள் தேட வேண்டியதில்லை. ஆனால் இரண்டு நினைவிடங்களுக்கும் கிடைக்கும் மரியாதையைப் பாருங்கள். தாஷ்கண்டில் சாஸ்திரி பெயரில் தெரு இருக்கிறது, சிலையைச் சுற்றிச் செடிகள் இருக்கின்றன, இந்தியப் பண்பாட்டு மையத்துக்கும் அவர் பெயர். அவர் அந்த ஊருக்கு ஒரு வாரத்து விருந்தாளி. குமரனோ சென்னிமலையில் பிறந்து, நெசவு வருமானம் போதாமல் திருப்பூருக்கு வேலை தேடி வந்தவர். இன்றைக்கு ரயிலில் வந்து இறங்குகிறவர்களுக்கு முன்னோடி என்றே சொல்லலாம். ஸ்டேஷனுக்குப் பக்கத்திலேயே இருக்கும் அவர் நினைவிடத்தைத் தாண்டித் தினமும் ஆயிரக்கணக்கானோர் மூட்டையோடு போகிறார்கள். உள்ளே போய் நிற்பவர் சொற்பம். ஒடிசாவிலிருந்து வந்து இறங்கும் பையனுக்கு அது யார் என்று சொல்ல அங்கே யாரும் இல்லை.

பயணியின் பார்வை எவ்வளவு தூரம் அவர் ஊரிலிருந்தே வருகிறது என்பதற்கு, குமரன் இறந்த அதே 1932இலிருந்து ஓர் உதாரணம் இருக்கிறது. அமெரிக்கக் கறுப்பினக் கவிஞர் லாங்ஸ்டன் ஹியூஸ் அந்த ஆண்டு ஒரு திரைப்படத்தில் வேலை செய்ய மாஸ்கோ வந்தார். படம் கைவிடப்பட்டது. அவர் மத்திய ஆசியாவுக்கு ரயிலேறினார். அஷ்காபாத்தில் ஆர்தர் கோஸ்ட்லர் என்ற ஹங்கேரிய எழுத்தாளரைச் சந்தித்தார்; இருவரும் சில காலம் சேர்ந்து பயணித்தார்கள். இருவரும் பிற்பாடு அந்தப் பயணத்தைப் பற்றி எழுதினார்கள். ஒரே ஊர்கள், ஒரே கூட்டுப்பண்ணைகள், ஆனால் படிக்கும்போது வேறு வேறு நாடுகளுக்குப் போய்வந்த மாதிரி இருக்கும்.

கோஸ்ட்லர் கண்ணில் பட்டது அழுக்கும் குழப்பமும், பின்னர் அவர் வெறுத்து ஒதுக்கிய ஓர் ஆட்சியின் முதல் அறிகுறிகளும். ஹியூஸ் வந்தது அமெரிக்காவிலிருந்து. அங்கே தென் மாநிலங்களின் பருத்திக் காட்டில் கறுப்பர் குத்தகைக் கடனில் முங்கிக் கிடந்தார்கள். பஸ்ஸிலும் ரயிலிலும் அவர்களுக்குத் தனி இடம். இங்கேயும் பருத்திதான், இங்கேயும் கறுத்த தோல்தான், ஆனால் நிறத்தின் பேரில் தள்ளிவைக்கும் பலகை இல்லை. அவருக்கு அதுவே போதுமானதாக இருந்தது. தாஷ்கண்டுக்கு அருகே ஆலிவர் கோல்டன் தலைமையில் 1931இல் வந்து பருத்தி ஆராய்ச்சியில் ஈடுபட்டிருந்த கறுப்பின நிபுணர்களோடு அவர் அந்தக் கிறிஸ்துமஸைக் கழித்தார். 1934இல் மாஸ்கோவில் சிறு நூலொன்றும் வெளியிட்டார். அவர் ரயில் கடந்து வந்த கஸாக் புல்வெளியில் அதே ஆண்டுகளில் லட்சக்கணக்கானோர் பஞ்சத்தில் மடிந்துகொண்டிருந்தார்கள். அது அந்த நூலில் இல்லை.

ஹியூஸைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தன் ஊரில் கிடைக்காத ஒன்று அங்கே கிடைத்தது, அதை எழுதினார். நம் டீலர் அண்ணாச்சி ரோட்டைப் பார்த்து மலைப்பதும் அதே வகைதான், அளவு மட்டும் சிறிது. ஆனால் கோஸ்ட்லரிடம் இருந்த சந்தேகம் ஒரு துளியாவது இல்லாமல் போனால், பயணி போஸ்ட் கார்டு வாங்கித்தான் திரும்புவார்.

சந்தேகம் எங்கே தேவைப்பட்டது என்றால் இலையுதிர் காலத்தில். உஸ்பெகிஸ்தானில் செப்டம்பரிலிருந்து நவம்பர் வரை பருத்தி அறுவடை. சோவியத் காலத்திலும், சுதந்திரத்துக்குப் பின் இஸ்லாம் கரிமோவ் 2016இல் இறக்கும்வரை நடத்திய ஆட்சியிலும், ஆசிரியர்களும் நர்சுகளும் கல்லூரி மாணவர்களும், வெகுகாலம் பள்ளிக் குழந்தைகளும், காட்டுக்குக் கட்டாயமாக அனுப்பப்பட்டார்கள். கைக்காசு உள்ளவர்கள் தங்கள் பெயரில் கூலிக்கு ஆள் அனுப்பித் தப்பித்தார்கள். அந்தப் பருவம்தான் சுற்றுலாவுக்கும் தோதானது: வெயில் தணிந்து பழங்கள் குவியும் காலம். சோர்சு சந்தையின் நீலக் குவிமாடத்துக்குள் பயணி முலாம்பழம் சுவைத்துக்கொண்டிருந்தார். அங்கே கேரட் ஊறுகாய் விற்கும் கொரிய முகத்துப் பாட்டிகளைப் பார்த்து வியந்தார். அவர்கள் 1937இல் ஸ்டாலின் தூரக்கிழக்கிலிருந்து நாடுகடத்திக் கொண்டுவந்து விட்ட கொரியர்களின் வாரிசுகள். இதைச் சொல்ல வேண்டிய கைடு அடுத்த கடைக்கு நகர்ந்திருப்பார்.

முந்நூறுக்கும் மேற்பட்ட உலக பிராண்டுகள் உஸ்பெக் பருத்தியைப் புறக்கணித்தது இந்தக் கட்டாய வேலைக்காகத்தான். நம் ஆபீஸுக்கு வந்த நிபந்தனைத் தாள் அந்தப் புறக்கணிப்பின் ஒரு துண்டு. அதே பையர்கள் 2011க்குப் பிறகு நமக்கு அனுப்பிய தாள்களில் இன்னொரு வரியும் சேர்ந்தது: சுமங்கலித் திட்டத்தில் ஆள் எடுக்கும் மில்லிலிருந்து நூல் வாங்கக் கூடாது. கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் வட்டார நூற்பாலைகளில் இளம்பெண்களை மூன்று ஆண்டு ஹாஸ்டலில் அடைத்து வேலை வாங்கி, முடிவில் கல்யாணச் செலவுக்கு மொத்தத் தொகை என்று ஆசை காட்டிய ஏற்பாடு அது. நெதர்லாந்து அமைப்புகள் அதைப் பற்றி 2011இல் அறிக்கை வெளியிட்டபோது இங்கே பலருக்குக் கோபம் வந்தது, ஊர்ப் பேரைக் கெடுக்கிறார்கள் என்று. தாஷ்கண்டிலும் அதிகாரிகள் இதையேதான் சொல்லியிருப்பார்கள். ஒரே தாளில் இரண்டு வரி, ஒன்று அவர்கள் ஊரைப் பற்றி, ஒன்று நம் ஊரைப் பற்றி. முதல் வரியைப் படித்துத் தலையாட்டியவர்கள் இரண்டாவதைப் படித்துப் பல்லைக் கடித்தார்கள்.

அவர்கள் பக்கத்தில் பிறகு மாற்றம் வந்தது. உஸ்பெகிஸ்தானில் 2020இல் அரசின் பருத்தி ஒதுக்கீட்டு முறை நீங்கியது. 2021 அறுவடையில் முறைப்படியான கட்டாய உழைப்பு இல்லை என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு அறிவித்தது. 2022 மார்ச்சில் புறக்கணிப்பு முடிந்தது. அவர்கள் இப்போது பஞ்சாக விற்பதில்லை. நூலாகவும் பின்னலாடையாகவும் விற்கிறார்கள். 2021 ஏப்ரலில் ஐரோப்பிய ஒன்றியம் அவர்களுக்குக் கூடுதல் வரிச்சலுகை தந்தது, நமக்கு அப்போது அது கிடையாது. டீலர் டூரில் போகிறவர்களில் பனியன் கம்பெனிக்காரரும் இருந்தால், நீரூற்றுக்கு முன்னால் படம் எடுத்த பிறகு அவர்களுடைய நிட்டிங் யூனிட் ஒன்றை எட்டிப் பார்த்துவிட்டு வருவது தொழிலுக்கு நல்லது. நாளைய போட்டிக்காரர் அங்கேதான் இருக்கிறார்.

இனி ஆறு. 1960களில் அமு தர்யாவையும் சிர் தர்யாவையும் பருத்திக் காடுகளுக்குத் திருப்பினார்கள். அவை போய்ச் சேர வேண்டிய ஆரல் கடல் உலகத்தின் நான்காவது பெரிய ஏரியாக இருந்தது. இன்று அதில் பத்தில் ஒரு பங்குதான் மிச்சம். மொய்னாக் என்ற மீன்பிடித் துறைமுகத்தில் கப்பல்கள் மணலில் துருப்பிடித்துக் கிடக்கின்றன, தண்ணீர் கண்ணுக்கெட்டிய தூரம் வரை இல்லை. காற்றடித்தால் உப்பும் பூச்சிமருந்தும் கலந்த தூசி.

நம்முடையது சின்ன ஆறு. வெள்ளியங்கிரியில் பிறந்து காவிரியில் கலக்கும் நொய்யல். அதன் கரையில் கொடுமணலில் ஈராயிரம் ஆண்டுக்கு முன்னால் பச்சைக்கல் பட்டை தீட்டினார்கள். ரோமானிய வணிகம் வரை அதன் தொடர்பு போனது. அந்த ஆற்றில் 1992இல் பாசனத்துக்காக ஒரத்துப்பாளையம் அணையைக் கட்டினார்கள். சில ஆண்டுகளுக்குள் அது சாயக்கழிவுத் தொட்டியாகிவிட்டது. அணை கட்டச் சொல்லிக் கேட்ட விவசாயிகளே, அதில் தேங்கிய தண்ணீரைப் பார்த்து அஞ்சினார்கள். கிணறுகள் உப்பாயின, தென்னையும் மாடும் தாங்கவில்லை. கடைசியில் விவசாயிகள் தொடுத்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2011 ஜனவரி 28இல் கழிவுநீரை முழுமையாகச் சுத்திகரிக்காத சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள் நின்றன. அந்த மாதங்களில் டையிங்குக்காகத் துணியை ஊர் ஊராகத் தூக்கிக்கொண்டு அலைந்தவர்களுக்குத்தான் ஆறு இல்லாமல் பனியன் இல்லை என்பது உறைத்தது. இன்று திருப்பூர் சாயப்பட்டறைகள் ஒரு சொட்டுக் கழிவையும் வெளியே விடக் கூடாது என்ற விதியில் ஓடுகின்றன. செலவு அதிகம், மீறுகிறவர்களும் உண்டு. ஆனாலும் நாட்டில் இவ்வளவு பெரிய அளவில் அதைச் செய்து காட்டியது இந்த ஊர்தான்.

இந்த இடத்தில் தராசு சமமாக நிற்காது. ஆரல் ஒரு கடலளவு இழப்பு. அதைத் திருப்பிக் கொண்டுவர உஸ்பெகிஸ்தானால் முடியவில்லை. கரிமோவ் ஆட்சியில் அங்கே ஒரு விவசாயி அரசை எதிர்த்து வழக்குப் போட்டு ஒரு தொழிலையே நிறுத்தியிருக்க முடியாது. நம் ஊரில் முடிந்தது. சாலைகளையும் நீரூற்றுகளையும் பார்த்துத் தாஷ்கண்டுக்கு மதிப்பெண் போடுகிறவர்கள் இதையும் கணக்கில் எடுத்தால், திருப்பூர் அவ்வளவு மோசமாகத் தோற்காது.

விருந்தோம்பலில் மட்டும் தாஷ்கண்டுக்குத்தான் என் ஓட்டு. வந்த ஆளை நடக்கவிடும் நடைபாதை, வெயிலில் நிற்கவைக்காத மரநிழல், சொற்பச் செலவில் ஊரைச் சுற்றவைக்கும் ரயில், ரொட்டிக்கடையில் ஒரு துண்டைப் பிய்த்துக் கையில் தரும் பெண்மணி. இவற்றில் ஒன்றுக்கும் பருத்திப் பணம் பத்தாமல் போகவில்லை. 40,000 கோடிக்கு ஏற்றுமதி செய்யும் ஊரில் ரயிலில் வந்து இறங்கும் தொழிலாளி முதல் இரவு எங்கே படுப்பார் என்று நாம் இன்னும் யோசிக்கவில்லை.

தாஷ்கண்டுக்கு அடுத்த டூர் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கடைசி இரண்டு நாளில் மலைக்குப் போவதை விட்டுவிட்டு நுகுஸுக்கு உள்நாட்டு விமானம் பிடியுங்கள். அங்கிருந்து மொய்னாக்குக்குக் கார் கிடைக்கும். திரும்பி வந்த பிறகு, உங்கள் கம்பெனிக்கு வரும் அடுத்த பையரைச் சாம்பிள் ரூமோடு அனுப்பிவிடாமல் சென்னிமலைப் பக்கம் ஒரத்துப்பாளையம் அணை வரைக்கும் கூட்டிப்போய்க் காட்டுங்கள். ஒரு டி-சர்ட்டுக்கு அவர் சென்ட் கணக்கில் குறைக்கும் விலை எங்கே போய் விடிகிறது என்பதை அங்கே நின்று பேசுவது சுலபம்.